ஏலமா, லேலமா? இந்தச் சொல் எங்கேயிருந்து கரையேறியது?

சக்கைக்குரு கேட்டது:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல முற்றத்தில் ஏலம். சேவல், வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி, பிறகு ஒரு நடுத்தரமான சக்கை (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பலாப்பழம்). அந்தச் சக்கை 2,300 ரூபாய்க்குப் போனது. எடுத்தது என் அண்ணன்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார், இவனும் விடவில்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இரண்டு சக்கை மரம் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மைனி (அண்ணி) பிடித்துக்கொண்டாள். அவள் கேரள எல்லையை ஒட்டின களியக்காவிளைப் பக்கம். "லேலம் விளிக்கப் போனா கை சும்மா கெடக்காதா உங்களுக்கு?" என்றாள். சண்டை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் திண்ணையில் இருந்த பாட்டா அதைக் கேட்டுவிட்டு, "லேலம் இல்ல மக்களே, ஏலம். விலையை ஒருத்தன் ஏற்றுக்கிடுதான் பாரு, அதனால ஏலம்" என்று திருத்தினார். மைனி விடுவாளா? அவள் அப்பா வீட்டில் மூன்று தலைமுறையாக லேலம்தான், ஏலம் என்றால் பாயசத்தில் போடுவது என்றாள். அண்ணன் சந்தோஷமாக நழுவிவிட்டான்.

சாயங்காலம் சிங்கப்பூரில் இருந்து வந்திருக்கும் மாமா ஒரு புதுக் குழப்பத்தைக் கிளப்பினார். அங்கே கடைவீதியில் "லெலோங், லெலோங்" என்று கத்தி விற்பார்களாம், அது மலாய்ச் சொல்லாம். எங்கள் ஊர் லேலம் அங்கே எப்படிப் போனது, அல்லது அங்கேயிருந்து இங்கே வந்ததா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சக்கையைத் தின்று முடித்தாயிற்று, சண்டை மட்டும் மிச்சம் இருக்கிறது.


வள்ளுவன்பாறை:

உங்கள் பாட்டா சொன்னதுதான் சரி, இதில் சந்தேகமே வேண்டாம். ஏல் என்பது தமிழ் வேர். ஏற்பது, ஏற்றுக்கொள்வது, இயல்வது எல்லாம் அதிலிருந்து வந்தவை. "ஏற்பது இகழ்ச்சி" என்று சின்ன வயதில் எல்லோரும் படித்ததுதானே. ஒருவன் விலை சொல்கிறான், இன்னொருவன் ஏற்கிறான், ஆக ஏலம். இதைவிட நேரான விளக்கம் வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். கடலில் வள்ளம் தள்ளும்போது "ஏலேலோ ஐலசா" என்று பாடுகிறோம் இல்லையா, அந்த ஏலேலோ ஏலேலசிங்கன் என்ற பெருவணிகரின் பெயர் என்பார்கள். திருவள்ளுவரை ஆதரித்தவர் என்று கதை உண்டு. கப்பல் வணிகர், கடற்கரை, சரக்கு விற்பனை. ஏலம் அங்கேதான் பிறந்திருக்கும். மலையாளத்தில் முன்னால் ஒரு ல் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் சொந்தச் சொத்தை வெளிநாட்டுக்காரன் பெயரில் பத்திரம் எழுதிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு எப்போது போகுமோ.


கரமடி:

அண்ணே, ஏலேலோவுக்கும் ஏலத்துக்கும் முடிச்சுப் போடாதீங்க. நான் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். ஏலேலோ வேலைப்பாட்டு. கம்பவலை இழுக்கும்போது, வள்ளத்தைக் கரையேற்றும்போது, எல்லார் கையும் ஒரே நேரத்தில் இழுபட வேண்டும் என்பதற்காகப் பாடுவது. மீனை விற்கும்போது யாரும் ஏலேலோ பாடுவதில்லை, அப்போது பாடுகிற மனநிலையும் யாருக்கும் இருக்காது!

ஏலம் எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளம் அணைந்ததும் மீனைக் கொட்டுவார்கள். சாளையோ நெத்திலியோ என்றால் மொத்தமாக ஒரு குவியல், நெய்மீன், பாறைமீன் மாதிரிப் பெரிய மீன் என்றால் தனித்தனியாக. சுற்றி வியாபாரிகள், தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிற அம்மாக்கள், ஐஸ் பெட்டியோடு வண்டிக்காரர்கள். நடுவில் ஏலம் கூறுகிறவர். அவர் வாயிலிருந்து வரும் எண்ணெல்லாம் ஒரே மூச்சில் ஓடும், வெளியூர்க்காரனுக்கு அது எந்தப் பாஷை என்றே பிடிபடாது. ஒருத்தர் புருவத்தை உயர்த்துவார், இன்னொருத்தர் விரலை அசைப்பார், ஐந்து நிமிஷத்தில் சரக்கு கைமாறிவிடும். மீனுக்குக் காத்திருக்கத் தெரியாது, வெயில் ஏறினால் விலை இறங்கும், அதனால்தான் இந்த வேகம்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் கரையில் ஏலம் போடுகிறார், ஏலம் விடுகிறார் என்பதைவிட "ஏலம் கூறுகிறார்" என்பதுதான் அதிகம். சின்ன வயதில் அந்தக் கூறு, மீனைக் கூறு கட்டி வைக்கிற கூறு என்று நினைத்திருந்தேன். இல்லை, அது சொல்வது என்ற கூறுதான். மலையாளத்தில் லேலம் விளி. விளி என்றால் கூப்பிடு என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆக இரண்டு பக்கமும் கூவிச் சொல்வதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொள்வதை யாரும் பேசவில்லை. சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, படித்தவர்கள் சொல்லட்டும்.


பழைய பத்திரம்:

கரமடி தம்பி தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார், கடைசியில் அதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா விளவங்கோடு தாலுகாவில் ஆதாரம் (பத்திரம்) எழுதுகிறவராக இருந்தார். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தது. அதனால் வீட்டில் இருக்கிற பழைய தாள்கள் எல்லாம் மலையாளம். அதில் லேலம்தான். எல்லை மாறி, ஆவணம் தமிழுக்கு வந்த பிறகு அதே கைக்காரர் ஏலம் என்று எழுதியிருக்கிறார். எனக்கு இந்தச் சொல்மேல் சந்தேகம் வந்ததே அங்கேதான். ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே பேனா, ஒரு ல் மட்டும் காணோம்.

இந்தச் சொல் போர்த்துகீசியம். அவர்கள் மொழியில் லெய்லாவ்ங், கடைசியில் மூக்கொலி. ஏலம் என்பதற்கு அவர்களுடைய இன்றைய சொல்லும் அதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய தமிழ் அகராதியும் போர்த்துகீசியத்தைத்தான் காட்டுகிறது. அலமாரி, சாவி, ஜன்னல், மேசை, கோப்பை, பீப்பாய், பாதிரி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்த சொல்.

அது எந்தெந்த ஊரில் என்னவாக இறங்கியது என்று பாருங்கள். மராத்தியில் லிலாவ். இந்தியிலும் வங்காளத்திலும் நீலாம், நிலாம். நேபாளியில் லிலாம். தெலுங்கில் வேலம். மலையாளத்தில் லேலம். மலாயில் லெலோங், இந்தோனேசியாவில் லெலாங். நம்மிடம் ஏலம். வள்ளுவன்பாறை சார், தமிழ் ஏல் என்ற வேரிலிருந்து இது பிறந்திருந்தால், அதைக் கடன் வாங்கிய மலையாளி, மராட்டி, நேபாளி, மலாய்க்காரன் ஆகிய நாலு பேரும் தனித்தனியாக யோசித்து, பேசி வைத்த மாதிரி முன்னால் ஒரு ல் சேர்த்திருக்க வேண்டும். அது நடக்கிற காரியமா? இந்த நாலு பேரிடமும் இருக்கிற எழுத்து நம்மிடம் இல்லை என்றால், தொலைத்தது நாம்தான்.

ஏன் தொலைந்தது என்பதும் புரிகிறது. தமிழில் சொல்லுக்கு முதலில் ல வராது, தொல்காப்பியர் காலத்திலிருந்தே அப்படி. வந்தால் முன்னால் ஒரு இ அல்லது உ வைத்துக்கொள்வோம். இலங்கை, இலக்கம், உலகம் எல்லாம் அப்படி வந்தவை. இல்லாவிட்டால் ல்-ஐயே விழுங்கிவிடுவோம். எங்கள் தெருவில் லட்சுமி என்று பெயர் வைத்த பாட்டியை யாரும் லட்சுமி என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை, எச்சுமிதான். லேலத்தில் இரண்டு ல் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது வேறு தொந்தரவு. இந்திக்காரன் முதல் ல்-ஐ ன் ஆக்கினான், தெலுங்கில் அந்த இடத்தில் வ் நிற்கிறது, நாம் எடுத்தே போட்டுவிட்டோம்.

பழைய தமிழில் ஏலம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது ஏலக்காய். ஏலாதி என்று ஒரு நூலுக்கே பெயர், அதுவும் ஏலம் முதலான மருந்துச் சரக்குகளை வைத்துத்தான். மைனி சொன்ன பாயசத்து ஏலம் தமிழில் மிகப் பழையது, பாட்டா சொன்ன ஏலம் பின்னால் வந்தது. அந்த வகையில் மைனிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

அப்புறம் ஒரு கதை. கோவாவை 1510இலும் மலாக்காவை 1511இலும் பிடித்தவர் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்கே. 1515 கடைசியில் அவர் இறந்த பிறகு அவருடைய உடுப்புகள் கொச்சிக்கு வந்தன. அடுத்து வந்த ஆளுநர் அத்தனையையும் லெய்லாவ்ங் போடச் சொன்னார் என்றும், விரித்து வைத்தபோது பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்றும் பழைய போர்த்துகீசிய வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இவ்வளவு நாட்டைப் பிடித்த ஆளின் துணிமணி! நம் கடலோரத்தில் இந்தச் சொல் ஒலித்ததற்கு எனக்குத் தெரிந்த பழைய சாட்சி அதுதான்.

1580களில் கோவாவில் இருந்த லின்ஸ்கோடன் என்ற டச்சுக்காரர் இன்னும் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். நகரத்தின் பெரிய தெருவில் ஞாயிறும் திருநாளும் தவிர தினமும் ஏலம், காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிந்துவிடும், வெயில் ஏறினால் கிடையாது. அரபுக் குதிரை, மசாலா, துணி எல்லாம் வரும். மனிதர்களும் வந்தார்கள். அடிமைகளை, ஆண் பெண் சிறியவர் பெரியவர் என்று பார்க்காமல், அங்கேதான் விற்றிருக்கிறார்கள். யார் செத்தாலும், வைஸ்ராயாகவே இருந்தாலும், உடைமை எல்லாம் அந்தத் தெருவுக்கு வந்து கடைசிக் காசு வரை விற்கப்படும். கடல் கடந்து வந்தவன் செத்தால் சொந்தக்காரனுக்குச் சாமானை அனுப்ப வழியில்லை, பணமாக்கி அனுப்பலாம். காரணம் அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு எப்படி வந்திருக்கும் என்றால், அவர்கள் ஆள் நடமாட்டம் இங்கே குறைச்சல் இல்லை. கொல்லத்தில் அவர்களுக்குக் கோட்டை. 1544இல் சவேரியார் இந்தக் கடற்கரை ஊர்களில் ஒவ்வொன்றாக ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். டச்சுக்காரர்களுக்கு இதற்கு வேறு சொல் இருந்தது, இலங்கையில் சிங்களவர் இன்றைக்கும் வெந்தேசி என்பது அதிலிருந்துதான். அவர்கள் 1741இல் குளச்சலில் தோற்காமல் இருந்திருந்தால் மைனி வெந்தேசி என்று திட்டியிருப்பாளோ என்னவோ. சும்மா சொன்னேன்.

கரமடி தம்பிக்குப் பாக்கி. போர்த்துகீசியருக்கும் இது சொந்தச் சொல் இல்லை. அரபியில் அல்-இஃலாம் என்பதிலிருந்து எடுத்தார்கள் என்கிறார்கள். அதற்குப் பொருள் அறிவிப்பு. கூவிச் சொல்வது. எங்கள் ஊரில் கூறுகிறார்கள், அங்கே விளிக்கிறார்கள் என்று அவர் எழுதியதைப் பார்த்ததும்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.


தேங்காப்பட்டணம்:

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரம் காக்கா எழுதியதில் கடைசி வரியைப் பார்த்துத் துள்ளி எழுந்துவிட்டேன். சின்ன வயதில் மதரஸாவில் கொஞ்சம், பிறகு குவைத்தில் பதினோரு வருஷம், அந்த அளவுக்கு அரபி தெரியும்.

இஃலாம் என்ற சொல்லை அங்கே தினமும் பார்த்திருக்கிறேன். தகவல் துறை அமைச்சகத்துக்கு அங்கே விஸாரத்துல் இஃலாம் என்று பெயர். பத்திரிகை, ரேடியோ, டிவி எல்லாம் சேர்ந்து இஃலாம்தான். வேர் அ-ல-ம. அதே வேரிலிருந்து இல்ம் என்றால் அறிவு, ஆலிம் என்றால் அறிந்தவர், உலமா என்றால் அறிந்தவர்கள். எங்கள் ஊர் ஆலிம்சாவும் கரையில் மீன் ஏலம் கூறுகிறவரும் ஒரே வேரில் பிறந்தவர்கள் என்று சொன்னால் இரண்டு பேருமே என்னை அடிக்க வருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அரபிக்காரனிடம் போய் இஃலாம் என்றால் அவனுக்கு ஏலம் என்று புரியாது. அவர்கள் இப்போது சொல்வது மஸாத். கூட்டுவது, அதிகமாக்குவது என்ற வேர். லத்தீனில் ஆக்ஷியோ என்பதும் கூட்டுவதுதான், ஆங்கிலக்காரன் ஆக்ஷன் என்பது அதுதான். சவுதியில் ஹராஜ் என்பார்கள், பழைய சாமான் சந்தைக்கும் அதே பேர். அந்த ஹராஜ்தான் கன்னடத்தில் ஹராஜு, குஜராத்தியில் ஹராஜி. மங்களூர்ப் பையன் ஒருத்தன் என்னோடு ஒரே அறையில் இருந்தான். எங்கள் ஊர் ஏலம் உங்கள் ஊரில் என்ன என்று கேட்டேன், ஹராஜு என்றான். அது அரபி என்று அவனிடம் சொன்னேன், நம்பவில்லை. எங்கள் ஏலமும் அரபி என்று அன்றைக்கு எனக்கே தெரியாதே!

இன்னொன்று கவனித்தீர்களா? அரபியில் அல் என்பது சொல்லுக்கு முன்னால் போடுகிற ஒட்டு, சொல்லின் பகுதி இல்லை. போர்த்துகீசியர் அல்-இஃலாமை வாங்கும்போது அந்த ஒட்டையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். அ மட்டும் உதிர்ந்து ல் நின்றுவிட்டது. லெய்லாவ்ங்கின் முதல் ல் அதுதான். அது மராட்டிக்கும் மலையாளத்துக்கும் மலாய்க்கும் போனது. நம் ஆள்கள் ல் வாயில் வரவில்லை என்று கழற்றிப் போட்டதில், தெரியாமலே அந்த அரபு ஒட்டைக் கழற்றிவிட்டார்கள். இஃலாம், ஏலம். பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஐநூறு வருஷம் ஊரெல்லாம் சுற்றிய சொல் நம் வாயில் வந்துதான் அதன் பழைய உருவத்துக்குக் கிட்டே போயிருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆக லேலம் போர்த்துகீசியத்துக்குக் கிட்டே, ஏலம் அரபிக்குக் கிட்டே. மைனியிடமும் பாட்டாவிடமும் இப்படியே சொல்லுங்கள்.


வள்ளுவன்பாறை:

அப்படியென்றால் அலமாரியிலும் அல் இருக்கிறதே, அதுவும் அரபியா?


தேங்காப்பட்டணம்:

இல்லை காக்கா, அதில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். போர்த்துகீசியத்தில் அது அர்மாரியோ, லத்தீனில் ஆயுதம் வைக்கிற பெட்டி. ர் நம் ஊரில் ல் ஆனது. அல் என்று பார்த்தாலே அரபி ஒட்டு என்று சொல்லக்கூடாது.


சிராங்கூன் சாலை:

ஈத்தாமொழிக்காரன், இப்போது சிங்கப்பூரில். மாமா சொன்னது உண்மை. இங்கே லெலோங் என்றால் பலருக்கு ஏலம் என்பதைவிட மலிவு விற்பனை என்றுதான் மனதில் வரும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி கடைக்காரர்கள் மிஞ்சின சரக்கைத் தள்ளிவிடக் கத்துவார்கள், "லெலோங், லெலோங்!" யாரும் போட்டி போட்டு விலை ஏற்றுவதில்லை, விலை இறங்குகிறது என்பதற்கான கூப்பாடு அது. முதல்முறை கேட்டபோது மார்த்தாண்டம் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது.

இதைவிடப் பெரிய வேடிக்கை சீனர்களிடம் இருக்கிறது. போர்த்துகீசியர் 1557இலிருந்து சீனக் கடற்கரையில் மக்காவ் (Macau) என்ற ஊரில் இருந்தார்கள் இல்லையா, அங்கே கான்டனீஸ் பேசுகிறவர்கள் லெய்லாவ்ங்கை "யே லாங்" ஆக்கிவிட்டார்கள். சீனத்தில் ஒலிக்கு எழுத்துக் கிடையாது, ஒலி ஒத்துப்போகிற ஏதாவது எழுத்தைப் போட வேண்டும். இதற்குப் போட்ட இரண்டு எழுத்துக்கும் நேர்ப்பொருள் "இரவு", "குளிர்". பழைய சாமான் கடைக்கு யே லாங் கடை என்று பேர், ஹாங்காங்கிலும் சொல்வார்கள். என்னோடு வேலை செய்கிற பெரியவர் ஒருத்தர், சின்ன வயதில் அந்தச் சாமானை எல்லாம் ராத்திரிக் குளிரில் தெருவில் விரித்து விற்பார்களாக்கும் என்று நினைத்திருந்தாராம். எழுத்து அப்படி இருந்தால் அவரும் வேறென்ன நினைப்பார். ஏற்பதால் ஏலம் என்று நம் பாட்டா சொல்வதும் இதே வகைதான், கையில் இருக்கிற சொல்லை வைத்து ஒரு கதை கட்டிவிடுகிறோம். இந்திக்காரர்கள் சிலர் நீலாமில் நீல நிறத்தைத் தேடுவார்கள், அதையும் கேட்டிருக்கிறேன்.


வள்ளுவன்பாறை:

சரி, சொல் வெளியே இருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம், நான் பிடிவாதக்காரன் இல்லை. ஆனால் பத்திரம் சார், போர்த்துகீசியன் வருவதற்கு முன்னால் நம் ஆள்கள் நாலு பேர் கேட்கக் கூவி விலை பேசி விற்றதே இல்லையா? கேட்கிறவர்கள் அப்படித்தானே நினைத்துக்கொள்வார்கள்.


பழைய பத்திரம்:

நல்ல கேள்வி சார், உண்மையில் இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தாராளமாக விற்றார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பெருவிலை என்று வரும். கோயில் நிலத்தைச் சண்டேசுவரர் பெயரால் விற்றால் சண்டேசுவரப் பெருவிலை. அந்தக் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளில் ஒரு வாசகமும் வரும், "விலை கொள்வார் உளரோ" என்று நாங்கள் முற்கூற, அந்த மொழி கேட்டு இன்னார் வந்து கொண்டார் என்று. படித்துப் பாருங்கள், அங்கேயும் அதே கூறுதல். நிலத்துக்குப் பதிலாக ஒரு குவியல் சாளையை வைத்தால் கரமடி தம்பியின் கரைதான். எல்லாம் இன்றைய ஏலம்போலப் போட்டி போட்டு விலை ஏற்றியதுதான் என்று நான் சொல்ல மாட்டேன், பல இடத்தில் அது பத்திர நடையாகவே நின்றுபோயிருக்கும். ஆனால் ஊர் கேட்கக் கூவி விற்பது நமக்குப் புதிது இல்லை.

அப்படியிருக்க வெளிச் சொல் ஏன் நிலைத்தது என்றால், எனக்குத் தோன்றுவது இது. பெருவிலை சபையின் சொல், கோயிலின் சொல், கல்லில் வெட்டுகிற சொல். கப்பல் வந்து நின்றதும் இரண்டு மணி நேரத்தில் குதிரையையும் துணியையும் விற்றுத் தீர்க்கிற துறைமுகத்துக்கு வேறு வேகம், அந்த வேகத்தோடு அதன் சொல்லும் வந்துவிட்டது. இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. கட்டுமரத்தை நாம் கொடுத்தோம், அவர்கள் கட்டமரான் என்று உலகம் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சொன்னால் ஸ்பெயினில் ஏலத்துக்கு சுபாஸ்தா என்று பேர், ஈட்டிக்குக் கீழே என்று அர்த்தம், ரோமர்கள் ஈட்டியை நட்டு அதன் அடியில் விற்றதால். அதற்கு நம் சக்கை எவ்வளவோ தேவலை.


தோவாளைப் பிச்சி:

நான் இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பூச்சந்தையில் விடியற்காலையில் கேட்கிற சத்தத்தைப் பற்றி எழுதலாம் என்று வந்தேன், அதற்குள் நீங்கள் ரோமாபுரி வரைக்கும் போய்விட்டீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் அம்மா என்னைத் திட்டும்போது, "வீட்டு விஷயத்தை ஊரு முழுக்க ஏலம் போட்டுட்டு வந்திருக்கா பாரு" என்பாள். குடும்ப மானத்தை ஏலம் போடாதே என்று யார்தான் கேட்டதில்லை? அங்கே யாரும் எதையும் விற்கவில்லை, விலையும் இல்லை, வாங்குகிற ஆளும் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய் என்பதுதான் பொருள். தேங்காப்பட்டணம் அண்ணன் சொன்ன அந்த அரபிப் பொருள், அறிவிப்பு, அது அப்படியே எங்கள் அம்மா வாயில் உட்கார்ந்திருக்கிறது. சரக்கு வாங்கி விற்கிறவர்கள் விலையைப் பிடித்துக்கொண்டார்கள், அம்மாமார் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

எச்சுமிப் பாட்டி எங்கள் தெருவிலும் ஒருத்தி இருந்தாள், சும்மா நினைவு வந்தது.


சக்கைக்குரு:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது இதை முழுசாகப் படித்துக் காட்டினேன். பாட்டா பெருவிலை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார், போர்த்துகீசியர் வரும்போதெல்லாம் காது கேட்காத மாதிரி இருந்தார். ஏலம்தான் அரபிக்குக் கிட்டே என்றதும், "நான் அப்பவே சொன்னேம்லா" என்கிறார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, ஆனால் எண்பத்தாறு வயதுக்காரரிடம் அதை யார் சொல்வது.

மைனிக்கு ஏலக்காய் விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. லேலம்தான் வந்த உருவம், ஏலம் நீங்கள் உடைத்து வைத்தது என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

அல்புகெர்க்கேயின் உடுப்புகளை விரித்து வைத்தபோது பரிதாபமாக இருந்தது என்ற இடத்தில் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வருஷம் அவன் பின்வரிசையில் உட்காரப் போகிறானாம், கையைக் கட்டிக்கொண்டு. பார்க்கலாம். வந்தால் சொல்கிறேன், எவ்வளவுக்குப் போனது என்று.